கூண்டுக் கணக்கு: நாய்க்குட்டி விற்பனைக்கும் காப்பகம் நிரம்புவதற்கும் என்ன தொடர்பு?

100 கூண்டு உள்ள ஒரு நாய்க் காப்பகத்தை எடுத்துக்கொள்வோம். தினமும் 4 நாய் வந்து சேர்கிறது. ஒவ்வொன்றும் சராசரியாக 25 நாள் இருந்துவிட்டு ஏதோ ஒரு வீட்டுக்குப் போய்விடுகிறது. என்றைக்குப் போய் எண்ணினாலும் உள்ளே 100 நாய் இருக்கும், இடம் போதும். இப்போது வரவு அதே 4-தான், ஆனால் தத்துக் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஒவ்வொரு நாயும் 40 நாள் தங்குகிறது என்று வையுங்கள். உள்ளே 160 நாய். ஊரில் ஒரு குட்டிகூடக் கூடுதலாகப் பிறக்கவில்லை. காப்பகம் மட்டும் வழிகிறது.

ஒரு நாள் வரவைத் தங்கும் நாளால் பெருக்கினால், உள்ளே இருக்கும் எண்ணிக்கை. காப்பகம் நடத்துகிறவர்களுக்கு இதுதான் அரிச்சுவடி. ஆனால் நாய் இனப்பெருக்கம் பற்றிய சண்டை பெரும்பாலும் இந்தப் பெருக்கலின் முதல் எண்ணைச் சுற்றியே நடக்கிறது. "காப்பகத்தில் இருக்கும் கடைசி நாய்க்கும் வீடு கிடைக்கும்வரை யாரும் குட்டி எடுக்கக் கூடாது" என்கிறது ஒரு தரப்பு. "அங்கே கிடப்பது தெருவில் பிறந்தவை, எங்கள் குட்டிகள் இல்லை, எங்களை ஏன் இழுக்கிறீர்கள்" என்கிறார்கள் ப்ரீடர்கள், அதாவது நாய்களை ஜோடி சேர்த்துக் குட்டி எடுத்து விற்கிறவர்கள். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. எவ்வளவு உண்மை என்பது எந்த ஊரில் நின்று பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒரு பெட்டை எத்தனை குட்டி போடும்?

சமூக ஊடகங்களில் ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது: கருத்தடை செய்யாத ஒரு பெட்டையும் அதன் வாரிசுகளும் சேர்ந்து 6 வருடத்தில் 67,000 நாயாகும் என்று. காகிதத்தில் பெருக்கினால் வரும் எண் அது, தெருவில் வராது. பிறந்த எல்லாக் குட்டியும் பிழைத்து, எல்லாப் பெட்டையும் தவறாமல் சினைப்பட்டால்தான் அந்தக் கணக்கு நிற்கும்.

நடப்பு இப்படி. பெட்டை 6 முதல் 12 மாதத்துக்குள் முதல் முறை பருவத்துக்கு வரும். பெரிய இனங்கள் இன்னும் தாமதமாக. அதன்பின் சுமார் 6, 7 மாதத்துக்கு ஒரு முறை. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். சின்ன இனங்கள் இரண்டு மூன்று குட்டியோடு நிறுத்திக்கொள்ளும். லேப்ரடார் போன்றவை ஆறேழு, சில சமயம் பத்தைத் தாண்டும். தெருநாய்கள் நம் நாட்டில் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே ஈத்துதான், அதுவும் மழைக்காலத்தை ஒட்டி இணை சேர்ந்து குளிர் மாதங்களில் ஈனும். அந்தக் குட்டிகளின் கதி என்ன? மேற்கு வங்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் 95 ஈத்துகளில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம்தான். செத்தவற்றில் பாதிக்கும் மேல் மனிதர்களால்: வண்டியில் அடிபட்டவை, அடித்தோ விஷம் வைத்தோ கொல்லப்பட்டவை, தூக்கிச் செல்லப்பட்டவை.

ஆகவே தெருவில் பிறப்பதும் சாவதும் சேர்ந்தே நடக்கிறது. வீட்டிலும் கென்னலிலும் பிறக்கும் குட்டிகளுக்குத் தடுப்பூசி, உணவு, கூரை எல்லாம் உண்டு. பெரும்பாலானவை பிழைத்துவிடும், பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும். எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் இவை ஒவ்வொன்றுக்கும் அத்தனை வருடம் இடம் வேண்டும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

'ப்ரீடர்' என்ற ஒரே சொல்லுக்குள் யார் யார்?

ஒரே இனத்தைப் பிடித்துக்கொண்டு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ ஈத்து எடுக்கிறவர் ஒருவர். இடுப்பு எலும்புக்கு எக்ஸ்ரே, இதயப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஜோடி சேர்ப்பார். குட்டி பிறக்கும் முன்பே வாங்குகிறவர் பட்டியல் இருக்கும். பெரும்பாலும் கைக்காசு போகும். அடுத்தவர் வியாபாரக் கென்னல்காரர், பத்து இனம், ஐம்பது பெட்டை, இடைத்தரகர் வழியாக விற்பனை. மூன்றாமவர் நம் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டில் ஒரு லேப் பெட்டை, "ஒரு தடவை கிராஸ் பண்ணிப் பார்க்கலாமே" என்ற ஆசை; ஆண் நாய்க்காரருக்கு ஈத்தில் ஒரு குட்டி, மீதியைத் தெரிந்தவர்களுக்கும் ஆன்லைன் விளம்பரத்திலும் கொடுப்பது. நான்காவது விபத்து, கேட்டைத் திறந்து வைத்த ஐந்து நிமிடம். ஐந்தாவது தெரு, அங்கே ப்ரீடரே இல்லை.

முதலாமவரைத் திட்டுவதும் இரண்டாமவரைத் திட்டுவதும் எளிது. ஆனால் நம் ஊர்க் காப்பகங்களுக்கு வரும் லேப், ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன், பக் போன்றவற்றில் கணிசமானவை மூன்றாமவரிடமிருந்து கிளம்பியவை என்றே சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. குட்டி எங்கே போனது என்ற பதிவு அவரிடம் இல்லை, அவ்வளவுதான். எட்டாவது மாதத்தில் வாங்கியவர் "வச்சுக்க முடியல" என்று போன் செய்தால், திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு இடமும் இல்லை.

35-ஆம் நாள்

இந்தத் தொழிலில் எங்கே கோணுகிறது என்று ஒரே ஒரு இடத்தைக் காட்டச் சொன்னால், குட்டிக்கு ஐந்து வாரம் ஆகும் அந்த நாளைக் காட்டலாம்.

முதல் மூன்று வாரம் ப்ரீடருக்குப் பெரிய செலவில்லை. குட்டிகளைத் தாய் பார்த்துக்கொள்ளும். இவர் செய்ய வேண்டியது முதல் வாரம் படுக்கைப் பெட்டியில் 29 முதல் 32 டிகிரி வெப்பத்தைக் காப்பது, தினம் எடை போட்டு ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பிறந்த எடை இரட்டிக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது வாரத்தில் கண் திறக்கும். மூன்று நான்கு வாரத்தில் பால் குறையத் தொடங்கும், கூழ் வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து. ஐந்தாவது வாரத்தில் எட்டுக் குட்டியும் சேர்ந்து நாளுக்கு நான்கு வேளை தின்னும். வீடு முழுக்கக் கழியும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, அதுவும் தலைக்கு ஒன்று. குட்டியோ இப்போதுதான் பஞ்சுருண்டை மாதிரி, பார்த்தவுடன் வாங்கத் தோன்றும் உருவத்தில் இருக்கிறது. செலவு ஏறும் நாளும் விலை உச்சத்தில் நிற்கும் நாளும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அதனால் 35, 40 நாளில் விற்றுவிடுகிறார்கள்.

வாங்கியவருக்கு என்ன நடக்கிறது? தாய்ப்பாலில் வந்த நோய் எதிர்ப்பு ஆறு வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அது முழுக்கப் போகும்வரை தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது. எனவேதான் 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஊசியைத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். இந்த இடைவெளியில் பஸ், கடை, விருந்தாளிகள் என்று அலையும் குட்டியைப் பார்வோ என்ற குடல் வைரஸ் நோய் பிடித்தால், ஒரு வாரத்துக்குள் ரத்தக் கழிச்சல். பிழைத்தாலும் வேறொரு குறை உண்டு. கூடப்பிறந்தவற்றோடு கடித்து விளையாடி, கடி பட்ட குட்டி கத்தியதும் விடுவது என்ற பாடம் ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள் நடக்கிறது. அதைப் படிக்காத குட்டி ஆளைக் கடிக்கும்போது அளவு தெரியாமல் கடிக்கும். ஒரு வயதில் "குழந்தையைக் கடிச்சிடுச்சு" என்று காப்பக வாசலில் நிற்கும் நாய்களில் இப்படி வளர்ந்தவையும் உண்டு.

8 வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்ற சட்டம் கருணைக்காக மட்டும் எழுதப்பட்டதில்லை. மேலே சொன்ன இரண்டு காரணங்களும் அதன் பின்னால் இருக்கின்றன.

அமெரிக்காவில் நடந்தது

"வாங்காதே, தத்தெடு" என்ற முழக்கம் அங்கிருந்து வந்தது என்பதால் அந்த ஊர்க் கதையும் தெரிய வேண்டும். 1970-களில் அமெரிக்கக் காப்பகங்களில் வருடத்துக்கு 1 கோடிக்கும் மேற்பட்ட நாய் பூனைகளைக் கொன்றார்கள் என்பது மதிப்பீடு. இடம் இல்லை, சட்டம் அனுமதிக்கிறது, ஊசி போட்டார்கள். மேலே சொன்ன பெருக்கலில் 'தங்கும் நாள்' என்ற எண்ணை அவர்கள் அப்படித்தான் குறைத்து வைத்திருந்தார்கள். 2024-இல் அங்கே காப்பகங்களுக்கு வந்தவை சுமார் 58 லட்சம்; கொல்லப்பட்டவை சுமார் 6 லட்சம். இடைப்பட்ட ஐம்பது வருடத்தில் என்ன மாறியது? மலிவுக் கருத்தடை மையங்கள், கழுத்துப் பட்டையும் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்பும், தத்து முகாம்கள், தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்க்கும் தன்னார்வலர்கள். சான் பிரான்சிஸ்கோ நகரம் 1994-இல் ஆரோக்கியமான எந்த நாயையும் கொல்வதில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டது பெரிய திருப்பம்.

அப்படியானால் ப்ரீடர்கள்? 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் அரிசோனா, சான் டியாகோ காப்பகங்களின் 900-க்கும் மேற்பட்ட நாய்களுக்கு மரபணுப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். கலப்பில்லாத இன நாய்கள் சுமார் 5 சதவீதமே. மீதி எல்லாம் கலப்பு. ப்ரீடர்கள் இதை எடுத்துக்காட்டாகக் காட்டுவதில் தப்பில்லை. ஆனால் எதிர்த் தரப்புக்கும் பதில் உண்டு: குட்டி வாங்கப் போகும் ஒரு வீடு, காப்பக நாய்க்குப் போயிருக்கக்கூடிய வீடு. இந்த வாதம் பாதிதான் சரி. கடையில் பஞ்சுருண்டை கிடைக்காவிட்டால் அந்த வீட்டார் எல்லோரும் காப்பகத்துக்கு வந்து நான்கு வயது பிட்புல் கலப்பைக் கூட்டிப்போவார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் வருவார்கள், சிலர் நாயே வேண்டாம் என்பார்கள்.

இதில் இன்னொரு முடிச்சு: தெற்கு மாநிலங்களில் காப்பகம் வழிய, வடகிழக்கில் தத்தெடுக்க நாய் போதாமல் வேன் வேனாகத் தெற்கிலிருந்து கொண்டுபோகிறார்கள். ஒரே நாட்டில் ஒரு பக்கம் வெள்ளம், ஒரு பக்கம் வறட்சி. நாட்டுக்கே பொதுவாக 'நாய் மிகுதி' என்று பேசினால் இது மறைந்துவிடும்.

பெரிய அளவில் குட்டி உற்பத்தி செய்யும் பண்ணைகளைப் பற்றிய வழக்கு வேறு. அங்கே காப்பகம் நிரம்புவதைவிடப் பெட்டைகள் படும் பாடுதான் கேள்வி. அமெரிக்க மத்தியச் சட்டப்படி கூண்டின் அளவை இப்படிக் கணக்கிட வேண்டும்: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நாயின் நீளத்தை அங்குலத்தில் அளந்து, 6 கூட்டி, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கு. 24 அங்குல நாய்க்கு 30-ஐ 30-ஆல் பெருக்கி 900 சதுர அங்குலம். அதாவது இரண்டரை அடிக்கு இரண்டரை அடி. ஒரு பெட்டை அந்தச் சதுரத்துக்குள் வருடக்கணக்கில் வாழ்ந்தாலும் கூண்டின் அளவைக் கொண்டு அந்தப் பண்ணை மீது குற்றம் சொல்ல முடியாது. கலிபோர்னியா 2019 முதல் செல்லப்பிராணிக் கடைகளில் பண்ணைக் குட்டிகளை விற்கத் தடை போட்டதும், இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை ப்ரீடரோ காப்பகமோ தவிர மூன்றாம் ஆள் விற்கக் கூடாது என்று சட்டம் வந்ததும் இதைத் தடுக்கத்தான். தாய் நாயை வாங்குகிறவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் உயிர்.

இந்தியக் கணக்கு வேறு

நம் நாட்டில் இடமில்லை என்பதற்காக ஆரோக்கியமான தெருநாயைக் கொல்லச் சட்டத்தில் வழியில்லை. தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, காதில் அடையாள வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2001-இல் வந்த விதிகளும் அவற்றுக்குப் பதிலாக 2023-இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு 1960-களிலேயே தொடங்கிய வேலை இது. மாநகராட்சி 1990-களில் கையில் எடுத்தது.

இதைப் பெருக்கலில் போட்டுப் பாருங்கள். கருத்தடை மையத்துக்கு வரும் தெருநாய் சில நாளில் வெளியே போய்விடுகிறது. வரவு எவ்வளவு அதிகமானாலும் கூண்டு சுழன்றுகொண்டே இருக்கும். வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்ட இன நாயின் கதை தலைகீழ். அதைத் தெருவில் விட முடியாது. சாலை கடக்கத் தெரியாது, மற்ற தெருநாய்கள் சேர்க்காது. கொல்வதும் இல்லை. இளசாக, சாதுவாக இருந்தால் தத்துப் போகும். எட்டு வயதுக் கண் தெரியாத பக், இரண்டு பேரைக் கடித்த ராட்வைலர், பின்னங்கால் இழுக்கும் ஷெப்பர்ட் எல்லாம் போகாது. சாகும்வரை அங்கேயே.

இப்போது அந்த 100 கூண்டுக் காப்பகம். மாதம் ஒரே ஒரு நாய் இப்படி யாருக்கும் போகாதது வந்து சேர்கிறது, ஒவ்வொன்றும் 8 வருடம் வாழ்கிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 12, எட்டு வருடத்தில் 96. மிச்சம் 4 கூண்டு. நம் ஊர்க் காப்பகங்கள் 'இனி எடுக்க இடமில்லை' என்று சொல்வதற்கு மாதம் நூறு நாய் வர வேண்டியதில்லை. ஒன்று போதும். ஆகையால் கலப்பில்லாத இன நாய்கள் எண்ணிக்கையில் குறைவு என்ற ப்ரீடர்களின் வாதம் அமெரிக்காவில் எடுபடும் அளவுக்கு இங்கே எடுபடாது. குறைவாக வருகின்றன, ஆனால் போவதில்லை.

எல்லாத் தெருநாய்களையும் காப்பகத்தில் அடைத்துவிடலாம் என்ற யோசனையும் இதே கணக்கில்தான் இடறுகிறது. 2025 ஆகஸ்ட் 11-இல் டெல்லி வட்டாரத் தெருநாய்களைக் காப்பகங்களுக்கு மாற்றச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22-இல் அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடைக்குப் பின் திரும்ப விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடித்தவற்றைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது என்றது. நீதிமன்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆள் கணக்கைப் பாருங்கள். ஒரு நாய்க்குத் தினம் சுத்தம் செய்ய 9 நிமிடம், தீனிக்கு 6 நிமிடம், ஆக 15 நிமிடம் என்பது காப்பகங்களுக்கு வெளிநாட்டு அமைப்புகள் வகுத்த குறைந்தபட்ச அளவு. 100 நாய்க்கு 25 மணி நேரம். ஞாயிறும் சேர்த்துத் தினம் மூன்று ஆளுக்குக் கொஞ்சம் அதிகம். சென்னையில் 2024 கணக்கெடுப்பில் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். அதே அளவுப்படி எட்டு மணி நேர வேலைக்குத் தினம் 5,600-க்கும் மேற்பட்ட ஆட்கள் வேண்டும். மருத்துவர்களை இதில் சேர்க்கவில்லை.

ஆள் குறைந்தால் முதலில் கெடுவது சுத்தம். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயிலை நம்பி அதை ஒழிக்க முடியாது. முதலில் கழிவை வழித்து, சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். கழுவாமல் ஊற்றினால் அழுக்கு அந்த மருந்தைத் தின்றுவிடும். நெரிசலான காப்பகத்தில் இந்த 10 நிமிடத்துக்கு நாயை மாற்றி வைக்கக் காலிக் கூண்டு இருக்காது. அதனால்தான் நிரம்பிய காப்பகத்தில் குட்டிகள் கொத்தாகச் சாகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது, எங்கே ஓட்டை?

2017 மே மாதம் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த விதிகளைக் கொண்டுவந்தது. ப்ரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் ஆகும் முன்னும் 8 வயதுக்குப் பின்னும் குட்டி எடுக்கக் கூடாது. 12 மாதத்துக்கு ஒரே ஈத்து, ஆயுளுக்கு ஐந்து. தகப்பன்-மகள், தாய்-மகன், கூடப்பிறந்தவை என்று சேர்க்கக் கூடாது. 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. விற்கும் முன் மைக்ரோசிப் வைக்க வேண்டும்.

ஐந்து ஈத்து, ஈத்துக்கு ஆறு குட்டி என்றால் ஒரு பெட்டையிடமிருந்து ஆயுளுக்கு 30 குட்டி. விதியை மதிக்காதவர் எட்டு மாதத்தில் தொடங்கி ஒவ்வொரு பருவத்திலும் எடுத்தால் எட்டு வயதுக்குள் 14 ஈத்து, 80-க்கும் மேல் குட்டி. விதியின் மதிப்பு இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. அதன் பலவீனமும் தெரிந்ததே: பதிவு செய்தவர் பதிவேடு வைக்கிறார், ஆய்வுக்கு ஆள் வருகிறது, பதிவே செய்யாமல் வீட்டு மாடியில் விற்கிறவரைக் கேட்பாரில்லை. நேர்மையாக நடப்பவருக்குத்தான் செலவு ஏறுகிறது.

கைவிடுகிறவருக்கு என்ன தண்டனை? விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. வளர்த்த நாயைத் தெருவில் விட்டுப் போவது அதன்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்வரை. நாயைக் கொண்டுபோய் விட ஆட்டோவுக்கு அதைவிட அதிகம் ஆகும்.

ஓர் இனத்தையே குறிவைத்துத் தடை போடும்போதும் விளைவு எதிர்பாராத பக்கம் போகும். 2024 மார்ச்சில் 23 இனங்களுக்கு உரிமம் தர வேண்டாம் என்று மத்தியக் கால்நடைத் துறை சுற்றறிக்கை விட்டது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் ஏற்கெனவே அந்த இனத்தை வைத்திருப்பவருக்கு முதலில் வருவது பயம், அடுத்து வருவது காப்பகத்துக்கு ஒரு போன். பெருக்கலின் இரண்டு எண்ணும் ஒரே வாரத்தில் ஏறும்: வரவும் கூடும், அந்த இனத்தைத் தத்தெடுக்க ஆளும் இருக்காது.

மோகம் வேறு விதமாக அதையே செய்கிறது. 2003-இல் ஒரு கைபேசி நிறுவன விளம்பரத்தில் பையனின் பின்னால் ஓடிய பக் நாட்டையே பிடித்துக்கொண்டது. விலை ஏறியது, எங்கும் பக் குட்டி. தட்டை மூக்கு, சுருங்கிய மூச்சுக்குழல். நம் மே மாத வெயிலில் மூச்சு இரைப்பதே அதற்குப் பாடு. மருத்துவச் செலவு தெரிந்த பிறகு கைகழுவியவர்கள் பலர். இப்போது ஹஸ்கி.

நாட்டு இனங்களை என்ன செய்வது?

'எல்லா இனப்பெருக்கத்தையும் நிறுத்து' என்ற முழக்கம் இங்கே ஒரு சங்கடத்தில் மாட்டுகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை யாராவது பார்த்துப் பார்த்து ஜோடி சேர்க்காவிட்டால் ஓரிரு தலைமுறையில் கலந்து கரைந்துவிடும். சென்னை சைதாப்பேட்டையில் அரசே முன்பு இவற்றுக்காக ஒரு இனப்பெருக்க மையம் நடத்தியது அதனால்தான். குறைந்த எண்ணிக்கையில் இருந்து பெருக்குவதில் ஆபத்தும் உண்டு. தகப்பன்-மகள் சேர்ந்தால் குட்டியின் உட்கலப்பு விகிதம் (தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே மூதாதையின் மரபணு வந்து சேரும் வாய்ப்பு) 25 சதவீதம், தாத்தா-பேத்தி 12.5, ஒன்றுவிட்ட சகோதர உறவில் 6.25. முழு வெள்ளை நிறத்துக்காகவே வெள்ளையை வெள்ளையோடு சேர்த்துக்கொண்டே போன ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு தலைகாட்டுவது தெரிந்த விஷயம். குட்டிக்கு மூன்று வாரம் ஆனதும் பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள், காது திரும்புகிறதா என்று. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும்; அதற்கு மருத்துவப் பரிசோதனைதான் வழி.

2016-இல் வணிகத்துக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதற்கு மத்திய அரசு தடை போட்ட பிறகு இதே உட்கலப்புப் பிரச்சினை இங்குள்ள வெளிநாட்டு இனங்களுக்கும் இருக்கிறது. ஹஸ்கி வரத்து குறைந்தது, ஹஸ்கி மீதான ஆசை குறையவில்லை.

குட்டி வாங்குகிறவர், தத்தெடுக்கிறவர், பெட்டை வளர்க்கிறவர்

பெட்டை வளர்க்கிறவருக்கு முதலில். "ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் அதுக்கு ஆரோக்கியம்" என்று சொல்லாத அத்தை இல்லை. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயதான பின் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரக்கூடும், பருவம் முடிந்த சில வாரத்தில். அதிகத் தண்ணீர் குடிப்பது, சோர்வு, நாற்றமுள்ள கசிவு என்று தொடங்கி உயிருக்கே வந்துவிடும். மார்புக் கட்டி அபாயமும் உண்டு. சின்ன இனங்களுக்கு ஆறு மாதத்தை ஒட்டி அறுவை செய்யலாம். பெரிய இனங்களுக்கு மூட்டு வளர்ச்சியை உத்தேசித்து ஒரு வயதுக்கு மேல் செய்யச் சொல்லும் மருத்துவர்கள் பலர். உங்கள் மருத்துவரிடம் நாளைக் குறித்துக்கொண்டு, அதுவரை பருவத்தில் மூன்று வாரம் கயிறு இல்லாமல் வெளியே விடாதீர்கள்.

தத்தெடுக்கிறவர் பத்துப் பதினைந்து நாள் தற்காலிகமாக வைத்துப் பார்க்க முடியுமா என்று காப்பகத்தில் கேட்கலாம். நல்ல காப்பகங்கள் சம்மதிக்கும், ஏனென்றால் அந்தப் பதினைந்து நாள் அவர்களுக்கு ஒரு கூண்டு காலி. முதல் மூன்று நாள் நாய் தின்னாமல் மூலையில் படுத்தாலும் பயப்பட வேண்டாம், புது இடம். வீட்டில் வேறு நாய் இருந்தால் முதல் சந்திப்பைத் தெருவில், இரண்டையும் கயிற்றில் வைத்து, பக்கம் பக்கமாக நடத்தி முடியுங்கள். வாசற்படியில் அறிமுகம் செய்தால் பழைய நாய் காவலுக்கு நிற்கும்.

குட்டி வாங்குகிறவர் தாயைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. "தாய் ஊர்ல இருக்கு", "பஸ்ல போட்டு அனுப்பிடறோம்" என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். வாரியப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பர் வம்சத்தை மட்டும் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. இடுப்பு எக்ஸ்ரே உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். 8 வாரம் ஆகிவிட்டதா என்பதற்கு விற்பவர் வாயை நம்பாமல் மருத்துவரிடம் பற்களைக் காட்டிக் கேளுங்கள்: எட்டு வாரத்தில் பால் பற்கள் எல்லாம் முளைத்திருக்கும், ஐந்து வாரத்தில் பின் பற்கள் இன்னும் வந்துகொண்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எப்போது எந்தக் காரணத்துக்காக நாயை வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று ப்ரீடர் எழுதித் தருவாரா என்பது. நல்ல ப்ரீடர் நீங்கள் கேட்கும் முன்பே அதைச் சொல்வார், சிலர் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனையே போடுவார்கள். இப்படிப்பட்டவரின் குட்டி காப்பக வாசலுக்கு வருவது அபூர்வம்.

எழுதிய காகிதம் தொலைந்தாலும் சிப் தொலையாது. அரிசி அளவுக் குழல், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தோலுக்கு அடியில், 15 இலக்க எண். வாங்கும்போதே ஸ்கேனர் வைத்துப் படிக்கச் சொல்லி, காகிதத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பிறகு அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் உங்கள் பெயரும் போன் நம்பரும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதைச் செய்வதில்லை. இரண்டு வருடம் கழித்து நாய் ஓடிப்போய்க் காப்பகத்தில் சேரும்போது ஸ்கேனர் காட்டும் எண்ணுக்கு, விற்றவரின் பழைய நம்பர்தான் வரும். அது 'உபயோகத்தில் இல்லை' என்று சொல்லும். அங்கே இன்னொரு கூண்டு நிரம்பும்.